ஒரு காய்ச்சலுக்கு எத்தனை கிடா?

கீரமங்கலம்,
ஞாயிற்றுக்கிழமை மதியம்.

அன்பும் அதட்டலும் ஒருங்கே நிறைந்த பரிமளா அத்தைக்கு, அண்ணன் மகள் அன்புமொழி வணங்கி எழுதுவது.

கடிதம் என்றால் ‘இங்கு அனைவரும் நலம்’ என்றுதான் தொடங்க வேண்டும் என்று எங்கள் தமிழ் ஐயா சொல்லியிருக்கிறார். பரீட்சையில் அதற்கு அரை மதிப்பெண்ணும் உண்டு. ஆனால் அத்தை, அப்பா விஷயத்தில் ‘நலம்’ என்ற சொல்லை நாம் ஏற்கெனவே ஒரு முறை அவசரப்பட்டுச் சொல்லி, கிடாவும் வெட்டி, கறியும் தின்று, ஏப்பம் அடங்குவதற்குள் அது பொய்யாகப் போய்விட்டதால், இந்த முறை அந்தச் சொல்லைக் கடைசி மாத்திரை வரைக்கும் யாருக்கும் கொடுக்காமல் வைத்திருக்கிறேன். அம்மா நலம். நான் நலம். செவலைக் கிடா மிகவும் நலம். அப்பா, நலம் மாதிரி இருக்கிறார். திருப்பூரில் நீங்களும் மாமாவும் உண்மையாகவே நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

இன்று போனில் நீங்கள், “அதென்னடி ஆத்தா அது ரிலாப்ஸு? அப்ப நான் நேர்ந்து வெட்டுன கிடா செல்லாமப் போச்சா?” என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் அழகுமலைப் பெரியப்பா போனைப் பிடுங்கி, “பரிமளா, புதன்கிழமை வெட்டிரலாம், நீ ஒரு வார்த்த சொல்லு” என்றார். அவரிடமிருந்து அம்மா பிடுங்கி, “அண்ணி, சாமி குத்தம் ஆயிரும் அண்ணி” என்று அழுதார். அம்மாவிடமிருந்து அப்பா வாங்கி, திருப்பூரில் மழையா என்று விசாரித்தார். பிறகு சார்ஜ் போய்விட்டது. எனவேதான் எழுதுகிறேன். நாளைக் காலைப் பஸ்ஸில் திருப்பூர் திரும்பும் கோபிநாத் அண்ணன் இதைக் கொண்டுவந்து தருவார். கடிதத்தை யாரும் நடுவில் பிடுங்க முடியாது. தயவுசெய்து கடைசிவரை படித்துவிட்டு வாக்குச் சொல்லுங்கள். அப்பா மிச்ச மாத்திரையைப் போடுவதும் போடாததும் இப்போது உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது. அது எப்படி என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முன்கதை உங்களுக்குத் தெரியும். ஆனால் நீங்கள் பார்க்காத பகுதிகள் அதில் நிறைய இருக்கின்றன. அப்பா சத்தீஸ்கரில் போர்வெல் வண்டி வேலை முடிந்து ஊருக்கு வந்தபோது, பையில் எனக்கு ஒரு சுடிதாரும் உடம்பில் ஒரு காய்ச்சலும் கொண்டுவந்தார். ஒரு நாள் விட்டு ஒரு நாள், சொல்லி வைத்த மாதிரி வரும். வந்தால் கட்டில் ஆடும். கட்டில் ஆடினால் அதை ஒட்டிச் சாய்த்திருக்கும் என் சைக்கிளும் ஆடும். சைக்கிள் ஆடினால் அதன் மணி தானாக அடிக்கும். நான் பள்ளிக்கூடத்திலிருந்து நடந்து வரும்போதே, தெருமுனையில் மணிச் சத்தம் கேட்டால், இன்றைக்கு அப்பாவுக்குக் காய்ச்சல் நாள் என்று தெரிந்துகொள்வேன். அந்தச் சத்தத்தை ஸ்பீக்கர் போனில் கேட்டுத்தான் நீங்களும் பதறிப்போய், “கருப்பா! எங்கண்ணனுக்குக் காய்ச்சல் விட்டாப் போதும், ஒனக்கு ஒரு கிடா!” என்று திருப்பூரிலிருந்தே கும்பிட்டீர்கள். இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள் அத்தை. பின்னால் தேவைப்படும்.

சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பார்த்து மலேரியா என்றார்கள். மூன்று நாளைக்கு ஒரு மாத்திரை, பதினான்கு நாளைக்கு இன்னொரு மாத்திரை. கொடுத்தவர் நர்ஸ் அடைக்கலமேரி அக்கா. “கண்ணுசாமி அண்ணே, காய்ச்சல் ஒங்கள விட்டாலும் நீங்க மாத்திரைய விடக் கூடாது, புரியுதா?” என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். அப்பா எதற்கும் தலையாட்டுவார் என்பது உங்களுக்குத்தான் என்னைவிட நன்றாகத் தெரியும். மூன்றாவது நாள் காய்ச்சல் நின்றது. சைக்கிள் மணி அமைதியானது. உடனே பெரியப்பா சந்தைக்குப் போய்க் கறுப்புக் கிடா ஒன்றைப் பிடித்துவந்து, அதற்கு அடுத்த புதன்கிழமையே கருப்பர் கோயிலில் வெட்ட, தெருவே வந்து சாப்பிட்டுப் போனது. எல்லோரும் கை கழுவிக்கொண்டிருந்தபோது நான் மாத்திரைப் பட்டையையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு போனேன். பெரியப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

“ஏ அன்பு, கூறு இருக்கா ஒனக்கு? கிடா வெட்டியாச்சு. இனிமேயும் மாத்திரை போட்டா கருப்பரு என்ன நெனைப்பாரு? நாம்பாட்டுக்கு வேலைய முடிச்சுக் குடுத்துட்டேன், இவன் என்னடான்னா இன்னும் பட்டையப் பிரிச்சுக்கிட்டு இருக்கானேன்னு நெனைக்க மாட்டாரு?”

சுற்றி இருந்த அத்தனை பேரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். நம் ஊரில் கிடா வெட்டியாகிவிட்டது என்றால் நோய் தீர்ந்தது என்று சாமியே முத்திரை குத்தியதாகப் பொருள். அதற்கு மேல் மாத்திரை போடுவது, கல்யாணம் முடிந்த பிறகும் பெண் பார்க்கப் போவது மாதிரி. அம்மா மிச்சப் பட்டையை வாங்கி, கண்ணில் ஒற்றிக்கொண்டு, சாமி படத்துக்குப் பின்னால் செருகிவிட்டார். நானும் கறிக்குழம்பு ருசியில் அதை மறந்துபோனேன்.

இரண்டு மாதம் போனது. ஆலங்குடி மண்டபத்தில் நம் சொந்தத்தில் ஒரு கல்யாணம். அப்பாவுக்குப் பந்தி பரிமாறுவதென்றால் எவ்வளவு பிரியம் என்று உங்களுக்குத் தெரியும். அதிலும் ரசம். சாம்பாரை யார் வேண்டுமானாலும் ஊற்றலாம், ரசத்துக்குக் கை நிதானம் வேண்டும் என்று பெருமையாகச் சொல்வார். அன்றைக்கும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியும் கரண்டியுமாக வரிசையில் இறங்கினார். முதல் நாலு இலைக்கு ரசம் இலையில் விழுந்தது. ஐந்தாவது இலையில் பாதி இலையிலும் பாதி மடியிலும் விழுந்தது. “என்ன கண்ணுசாமி, இன்னிக்கு ரசம் ரொம்ப உற்சாகமா வருது?” என்று யாரோ சிரித்தார்கள். அப்பாவுக்குப் பல் கிட்டிப்போயிருந்தது. கை ஆட, வாளி ஆட, அவர் நகர்ந்துகொண்டே இருக்க, ரசம் பந்தி முழுவதும் சாரலாகத் தெளித்தது. இலையை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டவர்களும் உண்டு, அப்பளத்தைத் தலைக்கு மேல் பிடித்தவர்களும் உண்டு. கடைசி இலையில் உட்கார்ந்திருந்தவர் நம் கருப்பர் கோயில் பூசாரி பிச்சைமுத்து ஐயா. அப்பா அவர் முன்னால் போய் நின்றதும் முழங்கால் மடங்கியது. மிச்ச வாளி அப்படியே பூசாரி தலையில் கவிழ்ந்தது. கொத்தமல்லித் தழை நெற்றியில் ஒட்டியிருக்க, பூசாரி ஐயா அசையாமல் உட்கார்ந்து, “சூடு கம்மிதான், பயப்படாதீங்க, மொதல்ல அவனப் பிடிங்க” என்றார். நல்ல மனிதர்.

அன்று சாயங்காலமே சுகாதார நிலையம். மறுபடி ரத்தம், மறுபடி மலேரியா. டாக்டரம்மா, திரும்ப சத்தீஸ்கர் போனீர்களா என்று கேட்டார். இல்லை. ஊரில் வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா என்று கேட்டார். இல்லை. போன தடவை மாத்திரை எல்லாவற்றையும் முடித்தீர்களா என்று கேட்டார். அப்பா தலையாட்டினார். நான் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துவந்த பட்டையை மேசையில் வைத்தேன்.

டாக்டரம்மா அதைப் பார்த்தார். “இது ரிலாப்ஸ்” என்றார்.

பெரியப்பா முன்னால் நகர்ந்து, “அது என்ன வியாதிம்மா? மலேரியாவுக்குப் பெரிசா, சின்னதா?” என்று கேட்டார்.

“வியாதி பேரு இல்லங்க அது. போன வியாதியே திரும்பி வர்றது. ஏங்க, மாத்திரைய ஏன் நிறுத்துனீங்க?”

“கிடா வெட்டியாச்சே” என்றார் அப்பா, இதைக்கூடவா விளக்க வேண்டும் என்பது போல.

டாக்டரம்மாவுக்கு வடக்கே எங்கோ சொந்த ஊர், நம் பக்கத்து முறை தெரியாது. அவர் விழித்தார். அடைக்கலமேரி அக்காதான் பக்கத்தில் குனிந்து எல்லாவற்றையும் விளக்கினார். விளக்கி முடித்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பி, “நாங்களும்தான் மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டு வேளாங்கண்ணிக்கு நடக்கிறோம். அதுக்காக மாத்திரைய வீட்டுலயா வச்சுட்டுப் போறோம்? பையில போட்டுக்கிட்டுல்ல நடக்கிறோம்!” என்று ஒரு அதட்டுப் போட்டார். பெரியப்பா, “அது ஒங்க சாமி, மேரி. எங்க சாமிக்குக் கோவம் சாஸ்தி” என்றார்.

அத்தை, ரிலாப்ஸ் என்ற அந்தச் சொல் என்னைத் தூங்கவிடவில்லை. மறுநாள் பள்ளி நூலகத்தில் இருக்கிற, இரண்டு பேர் சேர்ந்து தூக்க வேண்டிய அகராதியில் பார்த்தேன். லத்தீன் மொழியில் மறுபடி வழுக்குவது என்று பொருளாம். கிணற்றிலிருந்து படி ஏறி வந்துவிட்டோம் என்று நினைத்து, மேல்படிப் பாசியில் கால் வைப்பது போல. மருத்துவத்தில் இன்னும் கறாராகச் சொல்கிறார்கள். நோய் குணமாகிவிட்டது போலத் தெரிந்து, உண்மையில் உடம்புக்குள்ளேயே அடங்கியிருந்து, அதே நோய் மறுபடி கிளம்பினால்தான் ரிலாப்ஸ். வேறு ஒரு கொசு புதிதாகக் கடித்துப் புதிதாக வந்தால் அது புதுத் தொற்று, அதை ரிலாப்ஸ் என்று சொல்லக் கூடாது. புற்றுநோய்க்கும் இந்தச் சொல் உண்டு, குடியை விட்டவர் மறுபடி குடிக்கப் போவதற்கும் உண்டு. எங்கே பயன்படுத்தினாலும் அதன் உள்ளே ஒரு எச்சரிக்கை இருக்கிறது. அடங்கியிருப்பது வேறு, தீர்ந்துபோவது வேறு.

அப்பாவின் மலேரியாவில் இது எப்படி நடக்கிறது என்று அம்மாவுக்கும் பெரியப்பாவுக்கும் நான் கல்யாணப் பந்தியை வைத்து விளக்கினேன். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கிருமிகளில் ஒரு கூட்டம் ரத்தத்தில் இருக்கிறது. அது பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுகிற கூட்டம். இன்னொரு கூட்டம் கல்லீரலில் போய்த் தூங்குகிறது. அது நாற்காலிக்குப் பின்னால் காத்துக்கொண்டு நிற்கிற கூட்டம். மூன்று நாள் மாத்திரை, உட்கார்ந்திருக்கிற பந்தியை எழுப்பிவிடும். காய்ச்சல் நின்றுவிடும். ஆனால் நிற்கிற கூட்டத்தை மண்டபத்தை விட்டே அனுப்புவது அந்தப் பதினான்கு நாள் மாத்திரை. நாம் என்ன செய்தோம்? முதல் பந்தி எழுந்தவுடனே கல்யாணம் முடிந்தது என்று கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டோம். உள்ளே நின்றவர்கள் இரண்டு மாதம் கழித்து உட்கார்ந்தார்கள்.

அம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். “அப்ப, இவ்வளவு நாளும் உள்ளேயேதான் நின்னுக்கிட்டு இருந்துச்சா? பசியோடயா?” என்று கேட்டார். பெரியப்பா மட்டும் தாடையைத் தடவிக்கொண்டு, “அந்த ரெண்டாம் பந்திக்கு யாரு சோறு போடுறது? அதுக்குத்தான் ரெண்டாங் கிடா” என்றார்.

சண்டை தொடங்கியது இங்கேதான். உங்கள் கிடா முதல் காய்ச்சலுக்கு. இது புதுக் காய்ச்சல் என்றால் புதுக் கிடா கொடுக்க வேண்டும், பழைய காய்ச்சலே என்றால் பழைய கிடாவே போதும். ஊர் இரண்டாகப் பிரிந்துவிட்டது. நம் வீட்டில் அம்மா வளர்க்கிற செவலைக் கிடாதான் அடுத்து நிற்கிறது என்பதால், அது சாமிக் கிடாவா வெறும் கிடாவா என்பதும் இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டது. சாமிக்கு நேர்ந்துவிட்ட கிடாவை யாரும் அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது, எங்கே மேய்ந்தாலும் சும்மா விட வேண்டும் என்பது நம் பக்கத்து வழக்கமாயிற்றே. ஒருவேளை அது கருப்பருடையதாக இருந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் ஒருவரும் அதன்மேல் குச்சியை ஓங்குவதில்லை. செவலைக்கு இது முதல் நாளே விளங்கிவிட்டது. அது கயிற்றை அறுத்துக்கொண்டு நேராகப் பெரியப்பாவின் மல்லிகைக் கொல்லைக்குள் போனது.

அன்றிலிருந்து பெரியப்பாவின் கருத்து நேரத்துக்கு ஒன்றாக இருக்கிறது. காலையில் கொல்லைக்குப் போய், கீரமங்கலம் மார்க்கெட்டுக்குப் போக வேண்டிய மொட்டெல்லாம் செவலையின் வயிற்றுக்குள் போயிருப்பதைப் பார்த்தால், “இது பழைய காய்ச்சல்தான்! நம்ம அன்பு புஸ்தகத்துல பாத்துச் சொல்லுதுல்ல! யாருடா அங்கிட்டு, அந்தக் கெடாவ ரெண்டு வையிங்கடா!” என்று கத்துவார். மதியம் எங்கிருந்தாவது மசாலா அரைக்கிற வாசம் வந்தால், “என்ன இருந்தாலும் புதுக் காய்ச்சல் புதுக் காய்ச்சல்தான்” என்று பெருமூச்சு விடுவார். பெரியம்மா ஒரு நாள் கேட்டேவிட்டார்: “நீங்க காய்ச்சலப் பாத்துப் பேசுறீங்களா, கறிச்சட்டியப் பாத்துப் பேசுறீங்களா?”

இதற்கிடையில் அந்தச் சொல் வீட்டில் எல்லோர் வாயிலும் நுழைந்துவிட்டது. விட்டொழித்த புகையிலையைப் பெரியப்பா மறுபடி வாயில் அடக்குவதைப் பார்த்துவிட்டு, பெரியம்மா “இவருக்கு ரிலாப்ஸு” என்றார். நான் அகராதியை நினைத்துப் பார்த்து, இது சரியான பயன்பாடுதான் பெரியம்மா என்று பாராட்டினேன். பிடித்துக் கட்டிய செவலை மறுபடி கொல்லைக்குள் போனதை அம்மா ரிலாப்ஸ் என்றார். அதை ஏற்பதா வேண்டாமா என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அது நோய் இல்லை. ஆனால் பெரியப்பாவுக்கு அது நோய்தான்.

இரண்டாவது தடவை மாத்திரை தொடங்கியதிலிருந்து நானே கையில் கொடுத்து, விழுங்கியாயிற்றா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறேன். காய்ச்சல் இந்த முறையும் மூன்றாம் நாளே நின்றுவிட்டது. அதுதான் ஆபத்து. நின்றவுடனே பெரியப்பா வருகிற புதன்கிழமைக்கு நாள் குறித்துவிட்டார். பட்டையில் அதற்குப் பிறகும் மாத்திரை மிச்சம் இருக்கும். புதன்கிழமை கிடா வெட்டினால் வியாழக்கிழமை அப்பா மாத்திரை போட மாட்டார். சாமியைச் சந்தேகப்பட்டவன் என்ற பெயர் வாங்குவதைவிட ரசம் கொட்டுவதே மேல் என்று நினைக்கிறவர் அவர். டாக்டரம்மா சொன்னதை நான் சொல்லிப் பார்த்தேன், அழுதும் பார்த்தேன். “ஒனக்காகப் போடுறேன் ஆத்தா, புதங்கெழம வரைக்கும் போடுறேன்” என்றார். எனக்கு அந்த நாற்காலிக்குப் பின்னால் நிற்கிற கூட்டம்தான் கண்ணுக்குள் வந்தது. அடுத்த தடவை எந்தப் பந்தியில், யார் தலையில் என்று நினைத்தாலே சிரிப்பும் வருகிறது, பயமும் வருகிறது. நடுங்கும்போது அப்பாவின் உதடு நீலமாகப் போவதை நீங்கள் பார்த்ததில்லை அத்தை.

ஆகவே சாமியிடமே கேட்டுவிடுவது என்று இன்று காலை எல்லோரும் கருப்பர் கோயிலில் கூடினோம். பிச்சைமுத்து ஐயா குளித்து, விபூதி பூசி, அருவாளைப் பிடித்துக்கொண்டு நின்றார். உடுக்கு அடித்ததும் சாமி வந்துவிட்டது. பெரியப்பா கையைக் கட்டிக்கொண்டு, “அய்யா, ஒனக்கு இன்னொரு கெடா வேணுமா, வேணாமா?” என்று கேட்டார்.

“டேய்ய்! பசிக்குதுன்னு ஒங்கிட்ட நான் எப்படா சொன்னேன்?” என்றது சாமி.

பெரியப்பா ஒரு அடி பின்னால் வந்து என் காலை மிதித்தார். நான் முன்னால் போய்விட்டேன். எப்படிப் போனேன் என்று தெரியவில்லை. “சாமி, அப்பா மிச்ச மாத்திரையப் போடலாமா? போட்டா நீங்க கோவிச்சுக்குவீங்களா?” என்று கேட்டேன். பின்னாலிருந்து அம்மா என் பின்னலைப் பிடித்து இழுத்தார். சாமி என்னை உற்றுப் பார்த்தது. அதன் காதோரம் இன்னும் லேசாக ரச வாசம் வருவது போல எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு குதி குதித்து, “எனக்கு நேர்ந்தது யாரு? இவனா? இவளா? நேர்ந்தவ எங்க இருக்கா? அவ வாக்குத்தான் எனக்கு வாக்கு. அவளப் போயிக் கேளுங்கடா!” என்று சொல்லிவிட்டு மலையேறிவிட்டது.

மலையேறியதும் பூசாரி ஐயா திண்டில் சாய்ந்து உட்கார்ந்து, தண்ணீர் வாங்கி, இடுப்பு முடிச்சை அவிழ்த்து, சர்க்கரைக்குப் போடுகிற மாத்திரையை எடுத்து விழுங்கினார். தினமும் கருப்பரைத் தொட்டுப் பூசை செய்கிறவரே மாத்திரை போடுகிறார், அவரிடம் சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லையே என்று நான் சத்தமாகச் சொல்ல வாயெடுத்தேன். அம்மா கிள்ளிய இடம் இன்னும் சிவந்திருக்கிறது.

அத்தை, இப்போது எல்லாம் உங்கள் வாக்கில் நிற்கிறது. உங்கள் நேர்த்தியை நான் திரும்பத் திரும்ப யோசித்தேன். ‘காய்ச்சல் விட்டாப் போதும்’ என்றுதானே கும்பிட்டீர்கள்? கருப்பர் கேட்டதைக் கேட்டபடி செய்துவிட்டார். காய்ச்சல் விட்டது. கல்லீரலைப் பற்றி நாம் அவரிடம் ஒன்றும் சொல்லவே இல்லை. தவறு அவர்மேலும் இல்லை, வெட்டிய கிடாமேலும் இல்லை. வந்தது அதே காய்ச்சல், அதற்கு அதே கிடாவே போதும். அதனால் இப்படி மட்டும் வாக்குச் சொல்லுங்கள்: இது ரிலாப்ஸ், புதுக் கிடா வேண்டாம், கடைசி மாத்திரை வரைக்கும் அண்ணன் போட்டே ஆக வேண்டும். பத்தாம் வகுப்புப் படிக்கிற பெண் சொன்னால் கேட்காத ஊர், திருப்பூரிலிருந்து நீங்கள் சொன்னால் கேட்கும். நேர்த்தி, பயம், பதற்றம் இவற்றால் அல்ல, அறிவால்தான் நோயை வெல்ல முடியும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மாமாவுக்கு என் வணக்கம். கம்பெனியில் ஓவர்டைம் அதிகம் பார்க்க வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார். கருப்பர் உங்கள் குடும்பத்தைக் காக்கட்டும், காக்கும்போது நீங்களும் மாத்திரைகளை ஒழுங்காகப் போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாக்கை எதிர்பார்க்கும் அண்ணன் மகள்,
க. அன்புமொழி.

பி.கு.: அத்தை, மேலே எழுதியதை முழுதும் அடித்துவிட்டு வேறு எழுத நேரம் இல்லை, இருட்டுவதற்குள் கோபிநாத் அண்ணனிடம் கொடுக்க வேண்டும். கடிதத்தை மடித்துக்கொண்டிருந்தேன். உள்ளே மணி அடித்தது. என் சைக்கிள் மணி. ஓடிப்போய்ப் பார்த்தால் கட்டிலில் அப்பா தலையோடு போர்வை மூடிக் கிடக்கிறார், போர்வை குலுங்குகிறது, கட்டில் ஆடுகிறது, மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. எனக்கு அகராதி மறந்துபோனது. கல்லீரல் மறந்துபோனது. கை தானாகக் குவிந்துகொண்டது, வாய் தானாக, “கருப்பா! எங்கப்பாவ விட்டுரு, எங்க செவலைய ஒனக்குத் தாரேன்!” என்று கத்திவிட்டது. ஆனாலும் மூச்சு வாங்கிக்கொண்டு, “கடைசி மாத்திரை போட்டு, மறுபடி ரத்தம் பாத்து, கிருமி இல்லேன்னு டாக்டரம்மா சொன்ன பெறகுதான் தருவேன்!” என்றும் சேர்த்துக் கத்தினேன். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து பெரியம்மா, “கேட்டுருச்சு ஆத்தா, கேட்டுருச்சு, நானே சாட்சி!” என்றார். அம்மா ஓடிவந்து போர்வையை உருவினார். உள்ளே அப்பா போனில் பழைய காமெடி பார்த்துக்கொண்டு, சத்தம் வெளியே வராமல் இருக்க வாயைப் பொத்தியபடி, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார். போன் பார்த்தால் உடம்பு சூடாகிக் காய்ச்சல் திரும்பும் என்று அம்மா தடை போட்டிருந்தாராம், அதனால்தான் போர்வைக்குள்.

பெரியப்பா உடனே பூசாரியிடம் ஓடி, இது செல்லுமா என்று கேட்டுவந்துவிட்டார். ஆடியது காய்ச்சலா சிரிப்பா என்பது சாமிக்குத் தேவையில்லை, சொன்னது சொன்னதுதான் என்று சொல்லிவிட்டாராம். புதன்கிழமைக் கறி போய்விட்டது. சிரிப்பு அடங்கியதும் அப்பா எழுந்து உட்கார்ந்தார். பிறகு, “தண்ணி எடுத்தா ஆத்தா. நான் ஒண்ண விட்டாலும் ஒன் வாக்குல்ல கெட்டுப்போயிரும்” என்று சொல்லி, இன்றைய மாத்திரையைத் தானே பிரித்துப் போட்டுக்கொண்டார். நாக்கைக்கூட அவராகவே தூக்கிக் காட்டினார்.

ஆகவே நீங்கள் இனி அந்த வாக்கைச் சொல்ல வேண்டியதில்லை. வேறு ஒன்றுக்கு மட்டும் பதில் வேண்டும். எனக்கு இன்று வந்தது புதுப் பயமா, இவ்வளவு நாளும் உள்ளே அடங்கிக் கிடந்த பழைய பயமேதானா? பழையதுதான் என்றால், உங்கள் கிடாவிலேயே இதையும் கழித்துக்கொள்ள முடியுமா என்று பூசாரியிடம் கேட்கலாம். செவலைக்காகத்தான் கேட்கிறேன். இன்று சாயங்காலத்திலிருந்து அது அதிகாரபூர்வமாகக் கருப்பருடையது. மல்லிகைக் கொல்லையின் நடுவில் நின்று, எல்லோரையும் பார்த்தபடி நிதானமாகத் தின்றுகொண்டிருக்கிறது. வரப்பில் பெரியப்பா குச்சியைக் கீழே போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்.